மருந்துச் சீட்டுகள் காட்டும் ஏற்றத்தாழ்வு

மருத்துவர் எழுதித் தரும் மருந்துச் சீட்டு, மருந்து கைக்கு வந்ததும் தன் வேலையை முடித்துவிடுகிறது என்பதே பொதுவான எண்ணம். இங்கிலாந்தில் அவ்வாறு முடிவதில்லை. 1948 ஜூலை 5 அன்று தொடங்கப்பெற்ற அந்நாட்டுத் தேசிய சுகாதாரப் பணித்துறையின்கீழ், குடும்ப மருத்துவர் எழுதும் மருந்தைக் கடைக்காரர் வழங்குகிறார். அதன் விலையை அரசு அவருக்குத் தருகிறது. பணம் தர வேண்டுமாயின் கணக்கு வேண்டும். ஆகவே ஒவ்வொரு சீட்டும் அரசு அலுவலகம் ஒன்றில் பதிவாகிறது. ஆண்டுக்கு 100 கோடிக்கு மேற்பட்ட மருந்து இனங்கள் இவ்வாறு கணக்கில் ஏறுகின்றன. பட்டுவாடாவுக்காக எழுந்த இக்கணக்கே பின்னர் ஆராய்ச்சிக்குரிய பெருஞ்செல்வமாயிற்று. (ஆராய்ச்சிக்கென்றே அனுப்பப்படும் படிவங்கள் களத்தில் எப்படி நிரப்பப்படுகின்றன என்பதை இங்குக் கூடியுள்ள அலுவலர்கள் அறிவர். பணம் சார்ந்த கணக்கு அப்படி எழுதப்படுவதில்லை.)

2010-ஆம் ஆண்டு முதலான இக்கணக்குகள், மருத்துவ நிலையம் வாரியாக, மாதந்தோறும் எவரும் காணுமாறு வெளியிடப்படுகின்றன. எந்த நிலையம், எந்த மருந்து, எத்தனை முறை, எவ்வளவு, என்ன செலவு என்பவை அவற்றில் உண்டு. நோயாளியின் பெயரோ, வயதோ, நோயோ இல்லை. 2012-இல் சில ஆய்வாளர்கள் இவற்றைக் கணிப்பொறியில் இட்டு, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மருந்துகளில் விலையுயர்ந்த வணிகப் பெயர் வகைகளுக்குப் பதில் பொதுப்பெயர் வகைகளை எழுதியிருந்தால் ஏறத்தாழ 20 கோடி பவுண்டு மிஞ்சியிருக்கும் எனக் கணக்கிட்டனர். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தார் ஒவ்வொரு நிலையத்தையும் பிற நிலையங்களோடு ஒப்பிட்டுக் காட்டும் ஏற்பாட்டையும் செய்தனர்.

சிக்கனம் இதில் எளிய பகுதி. கடினமான கேள்வி, யாருக்கு எது கிடைக்கிறது என்பது. வேல்ஸ் நாட்டுச் சுரங்கச் சிற்றூர் ஒன்றில் பணியாற்றிய ஜூலியன் டியூடர் ஹார்ட் என்னும் மருத்துவர், 1971-இல் 'தி லான்செட்' இதழில், நல்ல மருத்துவம் அதன் தேவை மிகுந்த மக்களிடையே குறைவாகவும் தேவை குறைந்தோரிடையே மிகுதியாகவும் கிடைக்கிறது என்று வாதிட்டார். தலைகீழ் மருத்துவ விதி என்று அது பெயர் பெற்றது. அவர் காலத்தில் அதனைச் சோதிக்கப் போதிய கணக்கு இல்லை. இன்று சீட்டுக் கணக்கையும், வருமானம், வேலை, கல்வி, வீட்டு வசதி முதலிய ஏழு கூறுகளால் அமைந்த வறுமைக் குறியீட்டையும் அருகருகே வைத்துப் பார்க்க இயலுகிறது.

பார்த்தபோது கிடைத்த விடை ஒரே திசையில் இல்லை. மாதவிடாய் நின்ற காலத்தில் பெண்களுக்குத் தரப்படும் ஹார்மோன் மருந்துகள், மிக வறிய பகுதி நிலையங்களில் மிகச் செழித்த பகுதி நிலையங்களைவிட 29 சதவீதம் குறைவாக எழுதப்பட்டதாக 2020-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. இதயநோய் வேறுபாடுகளுக்கு ஈடுசெய்து பார்த்தபின்னும் 18 சதவீதக் குறைவு எஞ்சி நின்றது. மாறாக, அபினி இனத்தைச் சேர்ந்த வலிநீக்கிகள் வறிய பகுதிகளில் மிகுதியாக எழுதப்பட்டன. உடலுழைப்பால் வரும் வலியும், வேறு சிகிச்சைக்கான நீண்ட காத்திருப்பும் இதற்குக் காரணமாகலாம். ஏழைக்கு மருந்து குறைவது மட்டுமே ஏற்றத்தாழ்வு அன்று. வேறு வழியின்றி மருந்து மிகுவதும் ஏற்றத்தாழ்வே.

மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று இவ்விடத்தில் உண்டு. 1998 முதல் 2016 வரை இங்கிலாந்தில் இந்த வலிநீக்கிச் சீட்டுகளின் எண்ணிக்கை 34 சதவீதம் உயர்ந்தது. ஆனால் வெவ்வேறு மருந்துகளின் வலிமையை மார்ஃபின் அளவுக்கு மாற்றிக் கூட்டியபோது உயர்வு 127 சதவீதமாயிற்று. சீட்டுகளை மட்டும் எண்ணியவர்களுக்கு ஆபத்தின் பெரும்பகுதி தெரியாமலே போயிருக்கும். எதை எண்ணுவது என்று முடிவு செய்வதே தரவு அறிவியலில் முதல் வேலை. கணிப்பொறியின் வேகம் அதற்கு ஈடாகாது. முதியோர் மிகுந்த ஊரையும் இளைஞர் மிகுந்த ஊரையும் வயதுக்கேற்ப ஈடுசெய்யாமல் ஒப்பிடுவதும் இதையொத்த பிழையே. ஒரு நிலையத்தின் சராசரியிலிருந்து அங்கு வரும் தனி நோயாளியைப் பற்றி முடிவு கூறுவதும் தகாது.

இந்தியாவுக்கு இம்முறையை அப்படியே கொண்டுவர இயலாது. இங்குப் பெரும் அளவு மருந்து தனியார் கடைகளில் கைப்பணத்துக்கு விற்கப்படுகிறது. அதன் சீட்டு எங்கும் பதிவாவதில்லை. நாட்டின் மொத்த சுகாதாரச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து தருவது 2013-14-இல் 64.2 சதவீதமாக இருந்து 2021-22-இல் 39.4 சதவீதமாகக் குறைந்துள்ளதெனினும், அதுவும் சிறு பங்கன்று. அரசு நிலையங்களைப் பொறுத்தவரை கணக்கு உண்டு. 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், ஒவ்வொரு நிலையத்துக்கும் பாஸ்புக் அளித்து, அதற்கு ஒதுக்கிய தொகைக்கேற்ப கிடங்கிலிருந்து மருந்து வழங்கும் முறையைக் கையாண்டது. ராஜஸ்தான் 2011 அக்டோபர் 2-இல் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. சி-டாக் உருவாக்கிய இ-ஔஷதி மென்பொருள் பல மாநிலங்களில் கிடங்கு இருப்பைக் காட்டுகிறது.

எனினும் இவை கிடங்கிலிருந்து வெளியேறியதைக் கூறும் கணக்குகள். நோயாளிக்குத் தேவைப்பட்டதைக் கூறுவன அல்ல. எடுத்துக்காட்டாக, ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் மாதம் 3,000 மெட்ஃபார்மின் மாத்திரை தேவை எனக் கொள்வோம். எட்டு மாதத்தில் இருப்பு தீர்ந்து, எஞ்சிய நான்கு மாதமும் நோயாளிகள் வெறுங்கையுடன் திரும்புகின்றனர். பதிவேட்டில் ஆண்டுச் செலவு 24,000. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத் தேவை 2,000 என்று ஆகிறது. அடுத்த ஆண்டு இண்டெண்ட் அதே 24,000-க்குப் போகிறது. எட்டாம் மாத முடிவில் மீண்டும் தீர்கிறது. பதிவேடு மீண்டும் 24,000 என்றே காட்டுகிறது. மதிப்பீடு இம்மியும் பிசகவில்லை என்று அலுவலகம் மகிழவும் கூடும்! டியூடர் ஹார்ட் கூறிய தலைகீழ் விதி இங்கே எவருடைய தீய எண்ணமும் இன்றி, வெறும் வகுத்தல் கணக்கால் நிலைபெறுகிறது. கிடங்குக்கு அருகிலுள்ள நகர மருத்துவமனை ஆள் அனுப்பி மருந்து பெற்றுவிடும். மலைப்பகுதி நிலையத்தால் அது இயலாது. ஆகவே குறைவு தொலைவில் உள்ளோர் மீதே விழுகிறது.

மாற்று வழி கடினமானதன்று. இருப்பு இருந்த எட்டு மாதங்களால் 24,000-ஐ வகுத்தால் 3,000 என்ற உண்மைத் தேவை வெளிப்படும். அதற்கு வேண்டுவது, இருப்பு இல்லாத நாட்களைக் குறிக்கும் ஒரு பத்தி. மருந்து தீர்ந்ததைத் தன் குறையாகக் கருதுவர் என்று மருந்தாளுநர் அஞ்சும் இடத்தில் அப்பத்தி வெற்றாகவே இருக்கும் என்பதையும் மேலதிகாரிகள் நினைவில் கொள்ள வேண்டும்.

வறுமையோடு இணைத்துப் பார்ப்பதற்கு நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீடு மாவட்ட அளவில் கிடைக்கிறது. ஆனால் மாவட்டம் மிகப் பெரிய அலகு. ஒரே மாவட்டத்தில் தொழில் நகரமும் பழங்குடியினர் வாழும் மலையும் இருக்கும்போது, சராசரி இரண்டையும் மறைத்துவிடும். வட்டார அளவிலாவது மருந்து வழங்கல், இருப்பற்ற நாட்கள், புறநோயாளர் எண்ணிக்கை ஆகிய மூன்றும் ஒரே அட்டவணையில் மாதந்தோறும் வெளிவருதல் நலம். இவற்றில் தனிநபர் விவரம் ஏதும் இல்லையாதலால், 2023-ஆம் ஆண்டின் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்குத் தடையாக இராது.