சங்கக் கணக்கைக் கேட்பதுபோல் பேரூராட்சிக் கணக்கையும் கேளுங்கள்

(பேரூராட்சி வார்டு உறுப்பினர் தேர்தலில் சுயேச்சையாக நிற்க முன்வந்திருக்கும் நம் குடியிருப்பு உறுப்பினர் ஒருவர், சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். சங்கம் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவில்லை. மற்ற வேட்பாளர்கள் வந்து பேசினால் அவர்கள் உரையும் இதே இடத்தில் வெளியாகும். – ஆசிரியர் குழு)



போன மாதம் ஜெனரேட்டர் டீசல் கணக்கில் இருநூற்றுச் சொச்சம் ரூபாய் இடிக்கிறது என்று நம் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. பொருளாளர் சார் பில்லைப் போட்டோ எடுத்துப் போட்ட பிறகுதான் அடங்கியது. அவருக்கு வருத்தம்தான். ஆனாலும் அது நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள். அதே நாம் பேரூராட்சிக்குச் சொத்து வரி கட்டுகிறோம், குடிநீர்க் கட்டணம் கட்டுகிறோம், வேலைக்குப் போகிறவர்கள் அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி கட்டுகிறோம். ரசீதை வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டு அதோடு மறந்துவிடுகிறோம். நான் தேர்தலில் நிற்க நினைத்ததற்குக் காரணம் இது ஒன்றுதான். கூட்டுறவு வங்கியில் கணக்குப் பார்த்தே தலை நரைத்தவன் நான். எனக்குத் தெரிந்ததும் அதுதான்.

பேரூராட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் கட்டும் வரி, கட்டணம், கடை வாடகை, ஏலத்தொகை இவை சொந்த வருவாய். நீங்கள் வீடு வாங்கும்போது கட்டும் முத்திரைக் கட்டணத்தில் ஒரு பங்கும் உள்ளாட்சிக்கு வருகிறது. அடுத்து மாநில அரசு. மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி, அரசின் சொந்த வரி வருவாயில் ஏறத்தாழ 10 சதவீதத்தை ஊரக, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். மூன்றாவது மத்திய நிதி ஆணைய மானியம். இதில் ஒரு சங்கதி உண்டு. 2021 முதல் 2026 வரைக்கான 15-வது நிதி ஆணைய மானியத்தில், நம்மைப் போன்ற சிறிய ஊர்களுக்கு வரும் தொகையில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும்தான் செலவழிக்க வேண்டும். ஆகவே “மானியம் வந்திருக்கே, தெருவுக்கு ரோடு போடுங்க” என்று கேட்டால் கவுன்சிலர் கையை விரிப்பார். அவர் சொல்வது சில சமயம் உண்மையாகவும் இருக்கும். எந்தப் பணம் எதற்குக் கட்டுப்பட்டது என்று மக்களுக்குத் தெரியாதவரை, உண்மை சொல்கிறவரையும் சாக்குச் சொல்கிறவரையும் பிரித்துப் பார்க்க முடியாது.

1993 ஜூன் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் நகர உள்ளாட்சிகளுக்கு என்று 18 பணிகளைப் பட்டியல் போட்டது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடத்த வேண்டும், பதவிக்காலம் முடியும் முன்பே அதை நடத்தி முடிக்க வேண்டும் என்றும் சொன்னது. நம் மாநிலத்தில் என்ன ஆயிற்று? 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல். ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அலுவலர்கள்தான் ஊரை நடத்தினார்கள். திண்டுக்கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 1866-ல் தொடங்கிய நகராட்சி அது. 2014-ல் மாநகராட்சி ஆனது. மாநகராட்சியான பிறகு முதல் தேர்தலைப் பார்க்க 2022 வரை காத்திருந்தார்கள். அதில் ஜெயித்தவர்கள் 2022 மார்ச் 2-ல் பதவியேற்றார்கள். அவர்களுடைய ஐந்தாண்டு எப்போது முடியும் என்று நீங்களே விரல் விட்டு எண்ணிக்கொள்ளலாம். இன்னொரு முறை தேர்தல் தள்ளிப்போனால் இந்த மாதிரிச் சங்கங்கள்தான் முதலில் சத்தம் போட வேண்டும்.

இனி, கணக்கு வெளியே தெரியாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே இரண்டு உதாரணம். திண்டுக்கல் மாநகராட்சியில், வசூலான வரிப்பணத்தை வங்கியில் செலுத்தாமல் கையாடியதாக 2024-ல் ஓர் ஊழியர் மீது வழக்குப் பதிவானது. தொகை நான்கரைக் கோடிக்கு மேல் என்று செய்தி. வழக்கு எப்படியும் போகட்டும். இன்று கவுன்டரில் வாங்கிய பணம் நாளை வங்கியில் இருக்கிறதா என்று தினம் ஒத்துப் பார்த்தால், இந்த மாதிரித் தொகை மாதக்கணக்கில் காணாமல் போக வழியே இல்லை. வங்கிக் கிளையில் சாயந்தரம் கேஷ் ஒத்துப்போகாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

மதுரையில் நடந்தது வேறு மாதிரி. அங்கே வசூலான பணம் போகவில்லை. வசூலாக வேண்டிய பணம் போனது. அதிகாரிகளின் பாஸ்வேர்டைப் பயன்படுத்திக் கட்டடங்களுக்கு வரியைக் குறைத்துப் போட்டார்கள் என்பது புகார். 2025-ல் கைதுகள் நடந்தன, மண்டலத் தலைவர்கள் ராஜினாமா செய்தார்கள், அந்த அக்டோபரில் மேயரும் பதவி விலகினார். இரண்டு ஊரிலும் நேர்மையாகக் கட்டியவன் தலையில்தான் பாரம் விழுந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் கசப்பாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. வரியைக் குறைப்பேன் என்று நான் வாக்குக் கொடுக்கப் போவதில்லை. 2022-ல் சொத்து வரியைக் கூட்டினார்கள். நம் போன்ற ஊர்களில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீடுகளுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. எல்லோருக்கும் கோபம். எனக்கும்தான். ஆனால் அதற்கு முன் பெரும்பாலான ஊர்களில் 2008-க்குப் பிறகு கூட்டவே இல்லை. 14 வருஷம் தொடாமல் வைத்திருந்து ஒரே நாளில் இரட்டிப்பாக்குவது எந்த வீட்டு பட்ஜெட்டுக்கும் ஒத்துவராது. வருஷா வருஷம் சிறிதாகக் கூடுவது பரவாயில்லை, அதோடு கணக்கும் வர வேண்டும் என்பது என் கட்சி. இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். கீழ்த்தளத்தில் கடைக்கோ டியூஷன் சென்டருக்கோ வாடகைக்கு விட்டுவிட்டு வரி ரசீதில் இன்னும் குடியிருப்பு என்றே வைத்திருப்பவர்கள் இந்த ஊரில் உண்டு. கோபித்துக்கொள்ளாதீர்கள். மதுரையில் பாஸ்வேர்டால் செய்ததை நாம் மௌனத்தால் செய்கிறோம்.

பணம் கொடுக்க மக்கள் தயங்குவதில்லை. எங்கே போகிறது என்று தெரிந்தால் கொடுப்பார்கள். சென்னைக்குப் பக்கத்தில் ஆலந்தூர் அப்போது தனி நகராட்சி. 1996-ல் வந்த நகர்மன்றமும் அதன் தலைவர் ஆர்.எஸ்.பாரதியும் பாதாளச் சாக்கடை கொண்டுவர முடிவு செய்தார்கள். செலவு சுமார் ரூ.34 கோடி. அரசு மொத்தமும் தராது, கடன் வாங்கினாலும் பற்றாது. வீட்டுக்கு ரூ.5,000 முன்வைப்புத் தொகை கேட்டார்கள். அந்தக் காலத்து ஐயாயிரம்! குழி தோண்டும் முன்பே கேட்டார்கள். யார் கொடுப்பார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அங்கிருந்த குடியிருப்போர் நலச் சங்கங்களைக் கூட்டி உட்கார வைத்தார்கள், தெருத் தெருவாக விளக்கினார்கள், வசூலான தொகையைப் பொதுக் கணக்கில் கலக்காமல் தனியாக வைத்தார்கள். ஏராளமான வீடுகள் பணம் கட்டின. சில ஆண்டுகளில் இணைப்பும் வந்தது. இன்றைக்கும் வெளிமாநிலத்தார் படிக்கும் பாடம் அது. அதில் பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. உன் ஐயாயிரம் இதற்கு மட்டும்தான் என்ற உறுதி, அதைக் கேட்கத் தெரிந்த நம்மைப் போன்ற சங்கங்கள், அவ்வளவுதான்.

ஆக நான் மன்றத்துக்குப் போனால் என்ன செய்வேன்? முதலில், வார்டு உறுப்பினரால் ஆகாதது என்ன என்று சொல்கிறேன். நிர்வாகம் செயல் அலுவலர் கையில். அவரை நியமிப்பது அரசு. தலைவரைக்கூட நீங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒற்றை ஆளாக நான் ஒரு தெருவிளக்கைக்கூட மாட்ட முடியாது. ஆனால் மன்றத்தில் தீர்மானம் கொண்டுவரலாம், கேள்வி கேட்கலாம், கேட்டதைப் பதிவு செய்யச் சொல்லலாம். ஆகவே நான் கேட்கப் போவது சிலதான். மாதாமாதம் கேட்பு, வசூல், நிலுவை மூன்றையும் வார்டு வாரியாக அலுவலக வாசல் பலகையில் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் தாள் போதும். மார்ச்சில் பட்ஜெட் நிறைவேறும் முன், பிப்ரவரியிலேயே வரைவை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். புனே மாநகராட்சி 2006-லிருந்து எந்த வேலை வேண்டும் என்று பகுதி மக்களிடமே கேட்டு பட்ஜெட்டில் சேர்க்கிறது. அவ்வளவு பெரிய ஊரில் முடிகிறது என்றால் நமக்கு இன்னும் சுலபம். பிறகு, உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை எழுப்பும் ஆட்சேபணைகளும் அதற்கு அலுவலகம் தரும் பதிலும் மன்றத்தில் வாசிக்கப்பட வேண்டும்.

பகுதி சபா என்று ஒன்று இருக்கிறதே, அதையும் சொல்ல வேண்டும். 2022-ல் விதிகள் வந்தன. அந்த நவம்பர் 1-ல் பம்மலில் முதலமைச்சரே ஒரு பகுதி சபாவில் உட்கார்ந்தார். கிராமசபை மாதிரி நகரவாசிகளுக்கும் ஒரு கூட்டம். நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? கை தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும். அடுத்த சபாவுக்கு நம் சங்கம் தீர்மானத்தை எழுதிக்கொண்டு போக வேண்டும். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும்.

சிரிப்பாக ஒன்று. பேரூராட்சி வார்டு உறுப்பினருக்கு மதிப்பூதியம் மாதம் ரூ.2,500. ஐந்து வருஷத்துக்கு ஒன்றரை லட்சம். அதைவிடப் பல மடங்கு செலவழித்து ஒருவர் ஓட்டுக் கேட்க வந்தால், மீதியை எந்தக் கணக்கில் எடுக்கப் போகிறார் என்று வாசலிலேயே நிறுத்திக் கேளுங்கள். என்னையும் கேளுங்கள். என் தேர்தல் செலவுக் கணக்கை வாரம் ஒருமுறை லிஃப்ட் பக்கத்துப் பலகையில் ஒட்டுகிறேன், செயலாளர் அனுமதித்தால்.

கடைசியாக ஒரு வேலை. இணையத்தில் தேடுகிறவர்கள் மாவட்டத்தைப் பார்த்துத் தேடுங்கள், புதுக்கோட்டையிலும் ஒரு கீரனூர் பேரூராட்சி இருக்கிறது. அதைவிட நேரில் போவது நல்லது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நம் பேரூராட்சியின் கடைசி மூன்று வருட வரவு செலவைக் கேட்டு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். என் பெயரில் போட்டால் தேர்தலுக்காகப் போட்டது என்பார்கள். சங்கத்தின் பொறுப்பாளர் ஒருவர் கையெழுத்திட்டு அனுப்பினால் நல்லது. வரும் பதிலைப் பிரித்துப் பார்க்க, கணக்குத் தெரிந்த இரண்டு பேர் வேண்டும். பி-பிளாக்கில் காமர்ஸ் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பெயரைச் செயலாளரிடம் கொடுங்கள். இப்போது உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.