வெட்கத்தில் மறையும் வியாதி

(பழங்காநத்தத்தில் நடந்த ஆண்கள் ஐக்கியக் கூட்டத்தில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



இந்தப் பொருளைக் குறித்து ஒரு குருவானவர் பேசலாமா என்று சிலர் நினைக்கலாம். பல ஆண்டுகளாக நோயாளிகளின் கட்டிலருகே உட்காருகிறவன் நான். மருத்துவரிடம் சொல்லாததை ஆண்கள் என்னிடம் சொல்கிறார்கள். அதுவும் ஜெபம் முடிந்து நான் எழுந்திருக்கும்போதுதான் சொல்கிறார்கள்.

ஆறாத கால் புண்ணோடு ஓர் ஆட்டோ ஓட்டுநர் வந்து சேர்ந்தார். வயது 46. இரத்தத்தில் சர்க்கரை மிக அதிகம். "ஐயா, மூணு வருஷமா வீட்ல புருஷனா இருக்க முடியல. வெளிய சொல்ல வெட்கம். லாட்ஜுக்கு வர்ற வைத்தியர்கிட்ட லேகியம் வாங்கித் தின்னேன்" என்றார். சேமிப்பும் போயிற்று, மூன்று ஆண்டுகளும் போயின. கணவருக்குத் தன்மேல் வெறுப்பு என்று எண்ணி மனைவி தனியே அழுதிருக்கிறார். அவர்கள் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

ஆணுறுப்புக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயின் அகலம் 1 முதல் 2 மில்லிமீட்டர். இருதயத்தின் குழாய் 3 முதல் 4 மில்லிமீட்டர். சர்க்கரையும் கொழுப்பும் புகையிலையும் குழாய்களைக் கெடுக்கும்போது, சிறிய குழாயில்தான் குறை முதலில் தெரியும். ஆகவே தாம்பத்தியக் குறை பலருக்கு மாரடைப்புக்கு முன்வரும் எச்சரிக்கை. நம் தேசத்தில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி என்று 2023இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அப்படியானால் எத்தனை வீடுகளில் இந்த மௌனம்!

ஆனாலும் நம்பிக்கை உண்டு. இக்குறையுள்ள பருமனான ஆண்கள் 110 பேரை இத்தாலியில் இரண்டு ஆண்டுகள் கவனித்து, 2004இல் முடிவை வெளியிட்டார்கள். உணவைச் சீராக்கி, உடற்பயிற்சி செய்து, எடை குறைக்க வழிநடத்தப்பட்ட 55 பேரில் 17 பேர் குணமடைந்தார்கள். பொதுவான ஆலோசனை மட்டும் பெற்ற 55 பேரில் குணமடைந்தவர்கள் 3 பேரே.

சிறுநீரகக் கல்லும் அப்படியே. மதுரை வெயிலில் வேலை செய்கிற கொத்தனாரும் ஓட்டுநரும் போதிய தண்ணீர் குடிப்பதில்லை. ஒருமுறை கல் வந்தவர்களை ஐந்து ஆண்டுகள் கவனித்த ஆய்வு 1996இல் வெளியானது. தினம் 2 லிட்டர் சிறுநீர் போகுமளவு தண்ணீர் குடித்தவர்களில் நூற்றுக்கு 12 பேருக்கே மறுபடியும் கல் வந்தது. மற்றவர்களில் 27 பேருக்கு வந்தது. இருதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் தண்ணீரின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவு பத்து மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் தினசரி வழக்கமாக வேண்டாம். கீரை, காய்கறி, பயறு சேருங்கள். உப்பைக் குறையுங்கள். பீடி, சிகரெட், புகையிலையை விடுங்கள். தினம் அரைமணி நேரம் நடங்கள். சிறுநீரில் இரத்தம் கண்டாலும், சிறுநீர் தடைபட்டாலும் உடனே மருத்துவரிடம் போங்கள். சுவர் விளம்பரங்களை நம்பாதீர்கள். ஆண்மைக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது.

அந்தச் சகோதரர் பீடியை விட்டுவிட்டார், ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறார். "முழுச் சுகமா?" என்று கேட்டேன். "பாதிதான் ஐயா. ஆனா வீட்ல பேச்சு திரும்ப வந்திருச்சு" என்று சிரித்தார்.

சகோதரரே, உங்கள் சபைகளில் இதைப் பேசுங்கள். வெட்கப்பட்டு நிற்கிறவனை, "வா, நானும் கூட வருகிறேன்" என்று மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.