என் அக்கா எந்தக் கணக்கில்?



இன்று ஜூன் 8. உலக மூளைக்கட்டி நாள். 2000ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து அமைப்பு ஒன்று தொடங்கி வைத்த நாள். "அண்ணே, நம்ம நாட்டுல மூளைக்கட்டி எத்தனை பேருக்கு வருதுன்னு பேசுங்க" என்று தம்பிகள் கூப்பிட்டார்கள். பேசுகிறேன். ஆனால் ஒரு வாழையிலையிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு பொங்கல் அன்று வீட்டில் பந்தி. என் அக்கா உட்கார்ந்து, "ஏண்டா, எனக்கு உப்பு வைக்கலையா?" என்று கேட்டாள். உப்பு இருந்தது. இலையின் இடது ஓரத்தில் இருந்தது. ஊறுகாயும் இருந்தது. இரண்டையும் அவள் பார்க்கவில்லை. வலப்பக்கம் வைத்ததை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்தாள். இடது பாதி இலை வைத்தபடியே கிடந்தது.

அதற்கு முன்னால் இரண்டு வருஷம் தலைவலி. விடிந்தால் வலி, சில நாள் வாந்தி. ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை கொடுத்தார்கள். கண்ணாடியை மூன்று முறை மாற்றினார்கள். "மூளையில கட்டியா? அதெல்லாம் ரொம்ப அபூர்வங்க, லட்சத்துல ஒருத்தருக்கு வர்றது" என்று ஒரு பெரியவர் சொல்லி அனுப்பினார். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். அந்த 'அபூர்வம்' என்ற சொல்லை மட்டும் நான் விடமாட்டேன். அந்தச் சொல்லை நம்பி இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் ஸ்கேன் எடுத்தால் எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி!

அபூர்வமா? உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018ஆம் ஆண்டுக்கு ஒரு மதிப்பீடு போட்டது. இந்தியாவில் அந்த ஓராண்டில் மூளையிலும் நரம்பு மண்டலத்திலும் புற்றுக்கட்டி புதிதாக வந்தவர்கள் 28 ஆயிரம் பேருக்கு மேல். இறந்தவர்கள் 24 ஆயிரம் பேர். தோழர்களே, 28 ஆயிரம் பேர் என்றால் ஒரு சிறு நகரம். வருஷத்துக்கு ஒரு நகரம்!

கைதட்டாதீர்கள், இது கைதட்டுகிற செய்தி இல்லை. இந்த 28 ஆயிரத்தில் என் அக்கா இல்லை.

அது எப்படி என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஓர் அம்மா. பெயரைச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். புற்றுநோய்ப் பதிவேட்டில் வேலை. நம் நாட்டில் புற்றுநோய்க் கணக்கு தானாக வந்து சேராது. ஆள் போய் எடுத்து வர வேண்டும். அந்த அம்மா பஸ் பிடித்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போவார். பரிசோதனைக் கூடத்துக்குப் போவார். இறப்புப் பதிவு அலுவலகத்துக்கும் போவார். பதிவறையில் தூசியோடு தூசியாக உட்கார்ந்து, பெயர், வயது, தகப்பன் பெயர், தெரு, எல்லாம் எழுதுவார். ராமலிங்கம், இராமலிங்கம், ராமலிங்கன் — மூன்று ஆஸ்பத்திரியில் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். மூன்றும் ஒரே ஆளா, மூன்று ஆளா? தெருப் பெயரை வைத்துக் கண்டுபிடிப்பார். ஒரே மனிதரை இரண்டு தடவை எண்ணிவிடக் கூடாது, ஒருத்தரையும் விட்டுவிடக் கூடாது. அந்த ஊர்க்காரர்தானா, ஒரு வருஷமாவது அங்கே குடியிருந்தாரா என்று பார்ப்பார். மேடையும் மாலையும் கிடைக்க வேண்டியது அவருக்கு ஐயா! இப்போது தட்டுங்கள்!

சென்னைக்கு அப்படி ஒரு பதிவேடு 1981இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் தொடங்கியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் உண்டாக்கிய இடம், டாக்டர் சாந்தா அம்மா வாழ்நாளையே கொடுத்த இடம். நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை வேலூரில் 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். அடுத்த வருஷமே சென்னைப் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தி கத்தியை எடுத்தார். இதெல்லாம் நம் மண்ணின் பெருமை. ஆனால் நாடு முழுக்கப் பார்த்தால், இப்படி வீடு வாசல் தெரிந்து எண்ணுகிற பதிவேடுகளுக்குள் வருகிறவர்கள் நூற்றில் பத்துப் பதினைந்து பேர்தான். மிச்சப் பேருக்கு மதிப்பீடு.

அந்த அம்மாவிடம் வருகிறேன். ஒருநாள் பதிவறையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கோப்பை எடுத்தார், பிரித்தார், படித்தார், மூடி ஓரமாக வைத்துவிட்டார். "ஏம்மா, மூளைக்கட்டின்னுதானே போட்டிருக்கு?" என்றேன். "மெனிஞ்சியோமா சார். கேன்சர் இல்ல. சாதாக் கட்டி. எங்க கணக்குல வராது" என்றார். சொல்லும்போது அவர் முகம் வாடிப்போயிற்று. விதி அவர் போட்டதில்லை.

என் அக்காவுக்கு வந்ததும் அதே மெனிஞ்சியோமாதான்.

சாதாக் கட்டி! மண்டையோட்டுக்குள் ஏது சாதா? வயிற்றில் கட்டி வந்தால் வயிறு விரிந்து கொடுக்கும். மண்டையோடு விரியுமா? கட்டி வளர வளர மூளையைத்தான் நசுக்கும். ஆறு மணி நேரம் அறுத்தார்கள். உயிர் வந்தது. இடப்பக்கப் பார்வை வரவில்லை. இன்றைக்கும் தெருவைக் கடக்க என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். அவளைப் போய் சாதா என்று ஓரமாக வைத்தால் நான் ஒப்புக்கொள்வேனா?

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இப்படித்தான் ஓரமாக வைத்தார்கள். 2002இல் ஒரு சட்டம் போட்டார்கள். 2004இலிருந்து மூளைக்கட்டி எதுவானாலும், கேன்சரோ இல்லையோ, பதிவு செய்தே ஆக வேண்டும். எண்ணிப் பார்த்தால் என்ன தெரிந்தது? வருஷத்துக்கு லட்சம் பேரில் சுமார் 24 பேருக்குக் கட்டி. அதில் புற்றுக்கட்டி 7 பேருக்குத்தான்! மிச்சம் 17 பேர் என் அக்காவைப் போன்றவர்கள். கணக்கில் இருக்கிற ஒருவருக்குப் பின்னால் இரண்டு பேருக்கு மேல் நிற்கிறார்கள் தோழர்களே. நம் நாட்டிலும் அதே விகிதம்தான் என்றால் எத்தனை ஆயிரம் அக்காக்கள், எத்தனை ஆயிரம் தம்பிகள்!

இதே மைதானத்தில் போன மாதம் ஒருவர் முழங்கினார். பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். செல்போன் கோபுரத்தால் நம் மாவட்டத்தில் மூளைக்கட்டி பத்து மடங்கு ஆகிவிட்டது என்றார். எதன் பத்து மடங்கு ஐயா? ஒரு மடங்கு எவ்வளவு என்று தெரிந்தால்தானே பத்து மடங்கு? டென்மார்க்கில் 1943இலிருந்து பதிவேடு இருக்கிறது. டென்மார்க், பின்லாந்து, நார்வே, ஸ்வீடன், நான்கு நாட்டுப் பதிவையும் பல பத்தாண்டுகளுக்கு அடுக்கிப் பார்த்தார்கள். மெனிஞ்சியோமாவையும் சேர்த்தே பார்த்தார்கள். செல்போன் பரவிய பிறகும் கணக்கு எகிறவில்லை. பயந்த தாய்க்கு அங்கே பதில் சொல்ல ஏடு இருந்தது. இங்கே பயத்தைக் கிளப்பிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அன்று ராத்திரி எத்தனை தாய்மார் தூங்கவில்லையோ, யார் கண்டது?

இன்னொன்று. பார்க்க முடியாததை எண்ண முடியாது. சிடி ஸ்கேனை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டு மருத்துவரே இல்லை. குடியானவன் வீட்டுப் பிள்ளை, இன்ஜினீயர். பாட்டுத் தட்டு வெளியிட்ட இஎம்ஐ கம்பெனியில் வேலை. 1971 அக்டோபரில் லண்டனில் அந்த மெஷினில் முதன்முதலாகப் படுத்த நோயாளி யார் தெரியுமா? மூளைக்கட்டி இருக்குமோ என்று சந்தேகப்பட்ட ஒரு பெண்! கட்டி தெரிந்தது. 1979இல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு நோபல் பரிசு. அந்த ஸ்கேன் எட்டாத குழந்தைகளை நினைத்துப் பாருங்கள். வசதியான நாடுகளில் குழந்தைப் புற்றுநோயில் நாலு ஐந்துக்கு ஒன்று மூளைக்கட்டி. நம் பதிவேடுகளில் அந்தப் பங்கு ரொம்பக் குறைவு. நம் பிள்ளைகளுக்கு வராமல் இருக்கிறதா? ஸ்கேன் வரைக்கும் போய்ச் சேராமலே எத்தனை பிள்ளை போய்விடுகிறது!

எண்ணத் தெரியாத நாடா இது? 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் வெள்ளாடு 14 கோடியே 88 லட்சம் என்று எண்ணி எழுதினோம். கொட்டில் கொட்டிலாகப் போய் எண்ணினார்கள். எண்ணட்டும், அது ஏழையின் சொத்து. என் அக்காவுக்கும் ஒரு கட்டம் போடுங்கள் என்கிறேன். கேன்சரா இல்லையா என்று பார்க்காமல், மண்டைக்குள் கட்டி என்றால் எழுது! அந்த அம்மா மூடி வைத்த கோப்பை மறுபடி திறக்கிற மாதிரி ஓர் ஆணை வேண்டும். அதற்கு மேல் இந்த மேடையில் நான் கேட்க ஒன்றுமில்லை.

அவைத்தலைவர் மணியைப் பார்க்கிறார். இரண்டே நிமிஷம் ஐயா. உங்கள் வீட்டில், உங்கள் ரத்தத்தில் யாருக்காவது மூளைக்கட்டி வந்திருந்தால் கையைத் தூக்குங்கள். கூச்சம் வேண்டாம். ஒன்று, இரண்டு... அந்தத் தூண் பக்கம் மூன்று... ஏழு. அதில், "கேன்சர் இல்லை, சாதாதான்" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் மட்டும் கையை இறக்காமல் வையுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு... அக்கா, நீயும் தூக்கு. ஐந்து. தம்பி, விளக்கை அணைத்துவிடாதே, பின்வரிசையில் ஒரு பெரியம்மா இப்போதுதான் கையைத் தூக்குகிறார்கள்.