பறையும் இரண்டு இசைத்தட்டும்

ஊர்ப்பெயரே பேரிகை. இங்கே தாளத்தைப் பேசாமல் வேறெதைப் பேச?

1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்க்ஸ். ஜமைக்காவிலிருந்து வந்த கருப்பினப் பையன் கூல் ஹெர்க், தங்கை நடத்திய விருந்தில் இசைத்தட்டு ஓட்டினார். பாட்டு ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளில்தான் கூட்டம் துள்ளுகிறது என்று கண்டுகொண்டவர், ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி அந்த நொடிகளை நீட்டினார். 1983இல் ரன் டிஎம்சி 'சக்கர் எம்சீஸ்' பாடலில் மெட்டையே ஏறக்குறையக் கைவிட்டார்கள். தாள இயந்திரமும் குரலும், அவ்வளவுதான்.

தோலும் குரலும் நமக்குப் புதிதா? அதைத்தான் இழவு வீட்டில் கட்டிப்போட்டார்கள். பறையைத் தூக்கி எறி என்று நானும் ஒரு காலத்தில் பேசியவன்தான். 2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது அந்தப் பேச்சை நிறுத்திக்கொண்டேன். கானா, ராப், பறை மூன்றும் ஒரே மேடையில். குழுவின் பெயரோ அயோத்திதாசரின் சாதியற்ற தமிழரிலிருந்து எடுத்தது. மறு ஆண்டே அறிவின் 'தெருக்குரல்' வந்தது. மலேசியாவின் யோகி பி 2006இலேயே 'வல்லவன்' மூலம் தமிழ் ராப்புக்கு வழி திறந்திருந்தார். சாதியைப் பெயர் சொல்லிக் கேட்டவர்கள் இவர்கள்.

ராப் அந்நியச் சரக்காம். வயலின் எந்தக் கப்பலில் வந்தது என்று சபாக்களில் யாரும் கேட்பதில்லை.