ஓயாத வலியும் மனதிற்கான சிகிச்சையும்

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



இப்படிப்பட்ட கூடுகைகளில் புதிய கருவியையோ கட்டிலையோ உங்களுக்குக் காட்டுவது எங்கள் வழக்கம். இம்முறை காட்டுவதற்கு ஒரு சிறிய அறையும், சில நாற்காலிகளும், ஒரு மன ஆலோசகரும் மட்டுமே உண்டு. அந்த அறை எதற்காக என்பதைச் சொல்லவே வந்திருக்கிறோம்.

வலியைப் பற்றிப் பேசும்போது டாக்டர் பால் பிராண்டை நினையாமல் இருக்க முடியாது. 1914-இல் கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1946-இல் வேலூருக்கு வந்து, பின்பு தொழுநோயாளரின் முடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. வலி உணர்வு போய்விட்டதால் சூடும் வெட்டும் தெரியாமல் உண்டாகும் காயங்களே அவற்றை அழிக்கின்றன என்று அவர் எடுத்துக்காட்டினார். வலி ஒரு வரம் என்றே அவர் சொல்லிவந்தார்.

அது உண்மைதான். ஆனால் எங்கள் வெளிநோயாளர் பகுதிக்கு வேறொரு கூட்டமும் வருகிறது. மஞ்சள் பையில் எக்ஸ்ரேயும் ஸ்கேனும் மாத்திரைச் சீட்டுமாகக் கொண்டுவருகிறார்கள். புண் ஆறிவிட்டது, எலும்பு கூடிவிட்டது. வலி மட்டும் போகவில்லை. வீட்டைக் காக்கக் குரைத்த நாய், திருடன் போன பிறகும் இரவெல்லாம் குரைத்துக்கொண்டிருந்தால் எப்படியோ, அப்படியிருக்கிறது அவர்கள் நிலை. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறது மருத்துவம்.

இவர்களிடம் மன ஆலோசகரைப் பாருங்கள் என்றால், "எனக்கென்ன பைத்தியமா? நான் நடிக்கிறேன் என்கிறீர்களா?" என்று கண் கலங்குகிறார்கள். ஆகவே முதலில் நாங்கள் சொல்லும் வார்த்தை இதுதான்: "உங்கள் வலி மெய்யானது."

காயத்தின் அளவும் வலியின் அளவும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. 1965-இல் மெல்சாக், வால் என்ற இரு அறிஞர்கள், தண்டுவடத்தில் ஒரு கதவுபோன்ற அமைப்பு இருக்கிறது என்ற கருத்தை வெளியிட்டார்கள். உடம்பிலிருந்து மேலே போகும் செய்தியை அந்தக் கதவு கூட்டவும் குறைக்கவும் செய்யும். மூளையிலிருந்து கீழே வரும் செய்திகளும் அதைத் திறக்கவோ சாத்தவோ கூடும் என்றார்கள். அதன் நுட்பங்கள் பின்னால் திருத்தப்பட்டாலும் அடிப்படை நிலைத்திருக்கிறது. பயமும், தூக்கமின்மையும், கவலையும் வலியை வளர்க்கும். வலி என்பது உடலுணர்வு மட்டுமல்ல, மனவுணர்வும் சேர்ந்த அனுபவம் என்றே 2020-இல் திருத்தப்பட்ட சர்வதேச வரையறையும் கூறுகிறது. வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொல்லை மதிக்கவேண்டும் என்றும் அது சேர்த்துச் சொல்கிறது.

அந்த அறையில் என்ன நடக்கிறது? முதலில் மருத்துவர் பரிசோதித்து, முதுகெலும்புக் காசநோய், புற்றுநோய் போன்றவை இல்லையென்று உறுதிசெய்கிறார். பிறகு வாரம் ஒருமுறை, சில வாரங்கள், சிறு குழுவாக அமர்கிறார்கள்.

நாற்று நடப்போகும் ஒரு தாயை எண்ணிப்பாருங்கள். வலி சற்றுக் குறைந்த நாளில் துணியெல்லாம் துவைத்து, விறகு பிளந்து, வீட்டையும் மெழுகிவிடுவாள். அடுத்த மூன்று நாள் பாயைவிட்டு எழும்ப முடியாது. அப்படிப்பட்டவருக்கு வலியைப் பார்த்து வேலை செய்யாமல் நேரத்தைப் பார்த்து வேலை செய்யக் கற்றுக்கொடுக்கிறோம். பத்து நிமிடம் வேலை, சற்று ஓய்வு, மறுபடி பத்து நிமிடம். வாரந்தோறும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். "அசைந்தால் முதுகு ஒடிந்துவிடும்" என்ற எண்ணம் சரிதானா என்று அவரே சோதித்துப் பார்க்கிறார். மூச்சைச் சீராக்கி உடலைத் தளர்த்தவும், தூக்கத்தை ஒழுங்குபடுத்தவும் பழகுகிறார். குடும்பத்தாரையும் அழைக்கிறோம். அன்பினால் எல்லா வேலையையும் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வதும், "சும்மா நடிக்கிறாள்" என்று ஏசுவதும் இரண்டுமே அவரைப் படுக்கையில் தள்ளுகின்றன என்று விளக்குகிறோம்.

கொடுக்கிறவர்களுக்கு உண்மையைச் சொல்லவேண்டியது எங்கள் கடமை. இது வலியை அற்றுப்போகச் செய்யும் சிகிச்சை அல்ல. 75 ஆய்வுகளை, 9,400 பேருக்கு மேற்பட்டவர்களின் விவரங்களோடு, 2020-இல் காக்ரேன் அமைப்பினர் தொகுத்துப் பார்த்தார்கள். சிந்தனையையும் நடத்தையையும் சீர்படுத்தும் சிகிச்சையால் வலியும், முடக்கமும், மனவேதனையும் குறைந்தன. ஆனால் குறைந்த அளவு சிறியதே. அப்படியானால் ஏன் கேட்கிறோம்? மற்ற வழிகளும் பெரிதாகக் கைகொடுக்கவில்லை என்பதால்தான். ஆண்டுக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைகள் சிலருக்கு வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கின்றன. வேறு நோயால் விளக்கமுடியாத நாள்பட்ட வலிக்கு வழக்கமான வலி மாத்திரைகளைத் தொடங்க வேண்டாம் என்றும், உடற்பயிற்சியையும் இத்தகைய மனச் சிகிச்சையையும் முன்வைக்கலாம் என்றும் இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டி நெறிகள் 2021-இல் கூறின. வலி ஒரு படி குறைந்தாலும், கிணற்றடிவரை நடக்கவும் பேரப்பிள்ளையைத் தூக்கவும் முடிகிறவருக்கு அது சிறிய காரியமல்ல.

இந்த ஊழியத்திற்குப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. ஆலோசகரின் சம்பளமும், தூரக் கிராமங்களிலிருந்து வாரந்தோறும் வருகிறவர்களுக்குப் பஸ் கட்டணமும் வேண்டும். ஒரு வாரம் பஸ்ஸுக்குக் காசில்லாமல் நின்றுவிடுகிறவர் மறுவாரமும் வருவதில்லை. கல்வெட்டில் பெயர் பொறிக்க இதில் இடமில்லை என்பதை அறிந்தே உங்களிடம் கேட்கிறோம்.

பணமில்லாமல் செய்யக்கூடிய உதவியும் ஒன்று உண்டு. உங்கள் சபையிலும் இப்படிப்பட்ட ஒருவர் இருப்பார். "இன்னுமா வலிக்கிறது?" என்று கேட்காதிருங்கள். விசுவாசம் குறைவென்று சொல்லாதிருங்கள். மும்முறை வேண்டிக்கொண்டும் பவுலின் முள் நீங்கவில்லையே. பின்வரிசையில் நின்றுகொண்டே ஆராதிக்க இடங்கொடுங்கள். வீட்டிற்குப் போய்ச் சற்றுநேரம் அவரோடு நடந்துவாருங்கள். அவர் சொல்வதை நம்புங்கள். எங்கள் சிகிச்சையும் அங்கேதான் தொடங்குகிறது.