தங்கம் கடல் கடந்த ஆண்டு
(சங்க உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பணம், வங்கி, அந்நியச் செலாவணி ஆகிய மூன்றையும் பற்றி அரை மணி நேரம் பேசும்படி நிர்வாகக் குழுவினர் பணித்திருக்கிறார்கள். மூன்றும் தனித்தனி சாஸ்திரங்கள். ஆனால் நம் தேசத்தின் சரித்திரத்தில் ஒரே ஒரு வருஷத்தை எடுத்துக்கொண்டால், மூன்றும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பது தெளிவாகப் புரியும். அது 1991ஆம் வருஷம். அதையே இன்றைய விஷயமாக எடுத்துக்கொள்கிறேன்.

அதற்கு முன் ஒரு தப்பான செய்தியைத் திருத்திவிடுகிறேன். "சுதந்திரம் வந்தபோது ஒரு டாலர் ஒரு ரூபாயாக இருந்தது, இன்று 90 ரூபாய் ஆகிவிட்டது" என்று செல்போனில் அடிக்கடி ஒரு தகவல் சுற்றுகிறது. இது உண்மை இல்லை. அப்போது நம் ரூபாய் பவுண்டோடு கட்டப்பட்டிருந்தது. ஒரு பவுண்டுக்கு 13 ரூபாய் 33 காசு. ஒரு பவுண்டுக்கு 4 டாலர் 3 சென்ட். வகுத்துப் பார்த்தால் டாலர் ஒன்றுக்கு ரூ.3.31 வருகிறது. 1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தபோது நாமும் கூடவே குறைத்துக்கொண்டோம், டாலர் ரூ.4.76 ஆயிற்று. 1966 ஜூன் 6ஆம் தேதி, சீன யுத்தம், பாகிஸ்தான் யுத்தம், மழையின்மை, நின்றுபோன வெளிநாட்டு உதவி எல்லாம் சேர்ந்து நெருக்கியதில், இந்திரா காந்தி அரசு அதை ரூ.7.50 ஆக்கியது.

அச்சடிக்க முடியாத பணம்

ரூபாய் நம் நாட்டுப் பணம். எத்தனை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்; அதன் பலனையும் நாமே அனுபவிக்கலாம். ஆனால் கச்சா எண்ணெய் விற்கிறவர் ரூபாயை வாங்கிக்கொள்ள மாட்டார். அவருக்கு டாலர் வேண்டும். டாலரை நாம் அச்சடிக்க முடியாது. சம்பாதிக்க வேண்டும், இல்லாவிட்டால் கடன் வாங்க வேண்டும். ஏற்றுமதி செய்தால் வரும். வெளியூரில் வேலை பார்க்கும் நம்மவர்கள் அகத்துக்கு அனுப்பினால் வரும். வெளிநாட்டவர் முதலீடு செய்தால் வரும். எண்ணெய், உரம், யந்திரம், தங்கம் வாங்கினால் போகும். வரவைவிடச் செலவு அதிகமானால் துண்டு விழும். அந்தத் துண்டை யாராவது கடன் கொடுத்து நிரப்பிக்கொண்டே இருக்கும் வரையில் பிரச்னை வெளியே தெரியாது.

1980களில் நடந்தது இதுதான். மத்திய அரசு வரவுக்கு மேல் செலவு செய்துகொண்டே போயிற்று. 1990-91இல் அதன் நிதிப் பற்றாக்குறை தேசிய உற்பத்தியில் சுமார் 8 சதவீதம். இந்தப் பள்ளத்தை நிரப்பியது யார்? இரண்டு பேர்.

முதலாவது, ரிசர்வ் வங்கி. அந்நாட்களில் அரசின் கணக்கில் இருப்பு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், 'அட்ஹாக்' கருவூல உண்டியல்கள் என்ற பத்திரங்கள் தாமாகவே உருவாகி ரிசர்வ் வங்கிக்குப் போகும். ரிசர்வ் வங்கி பணம் கொடுக்கும். வட்டி வெறும் 4.6 சதவீதம். எளிமையாகச் சொன்னால், செலவுக்குப் பணம் போதவில்லை என்றால் அச்சடித்துக்கொள்ளும் ஏற்பாடு.

இரண்டாவது, வங்கிகளில் டெபாசிட் போட்டிருந்த நாம். 1969இல் 14, 1980இல் 6 என்று பெரிய வங்கிகளெல்லாம் தேசியமயமாகிவிட்டிருந்தன. 1990களின் தொடக்கத்தில் அவை தங்கள் டெபாசிட்டில் 38.5 சதவீதத்தைப் பெரும்பாலும் அரசுப் பத்திரங்களில் போட வேண்டும். இன்னொரு 15 சதவீதத்தை ரிசர்வ் வங்கியில் ரொக்கமாக வைக்க வேண்டும். அதாவது நாம் 100 ரூபாய் போட்டால் 53 ரூபாய் 50 காசு அங்கேயே முடங்கிவிடும். மீதியில்தான் விவசாயிக்கும் தொழிலுக்கும் வீட்டுக்கும் கடன். அதிலும் ஒரு பெரும் பங்குக்கு யாருக்குத் தர வேண்டும் என்ற கட்டளை உண்டு. ஒரு சிறு தொழிலதிபருக்கு ஏன் அத்தனை வட்டி, ஏன் அத்தனை தாமதம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்படிப் புழக்கத்தில் பணம் பெருகினால் விலைவாசி ஏறும். நம் விலை ஏறினால் நம் சரக்கு வெளிநாட்டில் விலைபோகாது. வெளிநாட்டுச் சரக்கு நமக்கு மலிவாகத் தெரியும். ஏற்றுமதி தளர்ந்து இறக்குமதி கூடும். உள்ளூர்ப் பற்றாக்குறை வெளிநாட்டுப் பற்றாக்குறையாக மாறுவது இந்த வழியாகத்தான்.

கையிருப்பு கரைந்த கதை

1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. எண்ணெய் விலை எகிறியது. வளைகுடாவில் இருந்த நம் மக்கள் உயிர் தப்பித் திரும்பினார்கள்; அவர்கள் அனுப்பிக்கொண்டிருந்த பணம் நின்றது. தில்லியில் வி.பி. சிங் அரசு போய், சந்திரசேகர் அரசு வந்து, அதுவும் 1991 மார்ச்சில் ராஜினாமா செய்தது. சர்வதேச மதிப்பீட்டு நிறுவனங்கள் இந்தியாவின் தரத்தைக் குறைத்தன. குறுகிய காலக் கடன் கொடுத்துக்கொண்டிருந்த வெளிநாட்டு வங்கிகள் அதைப் புதுப்பிக்க மறுத்தன.

இந்த இடத்தில் நம்மைப் போன்ற குடும்பங்கள் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் வருகிறது. வெளிநாடுவாழ் இந்தியர்கள் இங்கே டாலரிலும் பவுண்டிலும் டெபாசிட் வைக்கும் வசதி 1975 முதல் இருந்தது. வெளிநாட்டைவிட அதிக வட்டி. ரூபாய் மதிப்பு குறைந்தாலும் அவர்களுக்கு நஷ்டமில்லை; அந்த நஷ்டத்தை முதலில் ரிசர்வ் வங்கியும் பிறகு அரசும் ஏற்றுக்கொண்டன. நிறையப் பணம் வந்தது. ஆனால் வட்டிக்காக வந்த பணம் சந்தேகம் வந்தால் முதலில் கிளம்பும். 1991 ஏப்ரல் முதல் ஜூன் வரை மூன்றே மாதத்தில் சுமார் 95 கோடி டாலர் இந்தக் கணக்குகளிலிருந்து வெளியேறியது.

1991 ஜூனில் நம் கையிருப்பு சுமார் இரண்டு வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலை. இறக்குமதி செய்பவர்கள் சரக்கின் விலையைப் போல் இரண்டு மடங்கு வரை முன்பணம் கட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. மூலப்பொருள் கிடைக்காமல் ஆலைகள் தவித்தன. சுதந்திர இந்தியா வெளிநாட்டுக் கடனை அடைக்கத் தவறியதே இல்லை. அந்தப் பெயர் போய்விடுமோ என்ற பயம் வந்தது.

ரிசர்வ் வங்கியின் கவர்னராக அப்போது இருந்தவர் நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிடரமணன். துணைக் கவர்னர்களில் ஒருவர் டாக்டர் சி. ரங்கராஜன். மே மாதம், யஷ்வந்த் சின்ஹா நிதி மந்திரியாக இருந்தபோது, கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்து அரசு வைத்திருந்த தங்கத்தில் 20 டன், திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையோடு ஸ்விட்சர்லாந்து வங்கி ஒன்றுக்கு விற்கப்பட்டது. கிடைத்தது சுமார் 20 கோடி டாலர். ஜூலையில், பி.வி. நரசிம்ம ராவ் பிரதமராகவும் டாக்டர் மன்மோகன் சிங் நிதி மந்திரியாகவும் வந்த பிறகு, ரிசர்வ் வங்கியின் சொந்தத் தங்கத்தில் சுமார் 47 டன் விமானத்தில் லண்டனுக்குப் போயிற்று. பாங்க் ஆஃப் இங்கிலாந்தும் பாங்க் ஆஃப் ஜப்பானும் அதன் பேரில் கொடுத்த கடன் 40.5 கோடி டாலர்.

கூட்டிப் பாருங்கள். 67 டன் தங்கத்தை வைத்துத் திரட்டியது சுமார் 60 கோடி டாலர். நம்மவர்கள் மூன்று மாதத்தில் எடுத்துக்கொண்டு போனது 95 கோடி. அவர்களைக் குறை சொல்லவில்லை. தன் சேமிப்பைக் காப்பாற்றிக்கொள்ள நினைப்பது மனித இயல்பு. ஆனால் அந்நியச் செலாவணி நெருக்கடி என்பது யாரோ அந்நியர்கள் செய்வது என்ற எண்ணம் சரியில்லை என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

இரண்டு படிகள்

ஜூலை 1ஆம் தேதி ரூபாயின் மதிப்பு சுமார் 9 சதவீதம் குறைக்கப்பட்டது. 3ஆம் தேதி மறுபடி சுமார் 11 சதவீதம். டாலர் சுமார் 21 ரூபாயிலிருந்து 26 ரூபாய்க்கு வந்தது. முதல் படிக்கு எழுந்த எதிர்ப்பைப் பார்த்து இரண்டாம் படியை நிறுத்த முடியுமா என்று மன்மோகன் சிங் கேட்டதாகவும், ரங்கராஜன் "அது முடிந்துவிட்டது" என்று பதில் சொன்னதாகவும் பின்னாளில் பதிவாகியிருக்கிறது.

மதிப்பைக் குறைத்தால் என்ன பலன்? ஏற்றுமதியாளருக்கு ஒரு டாலருக்கு 5 ரூபாய் கூடக் கிடைக்கிறது. அதனால் அவர்களுக்கு அரசு கொடுத்துவந்த ரொக்க மானியத்தை வர்த்தக மந்திரி ப. சிதம்பரம் உடனே ரத்து செய்ய முடிந்தது. இறக்குமதி விலை ஏறியதால் தேவையில்லாதது குறைந்தது. "இனியும் குறையும்" என்று காத்திருந்தவர்கள் டாலரை உள்ளே கொண்டுவந்தார்கள். விலையும் இருந்தது: அந்த ஆகஸ்டில் பணவீக்கம் 16 சதவீதத்தைத் தாண்டியது. நிலையான பென்ஷனில் இருந்தவர்களின் அகத்தில்தான் அது முதலில் உறைத்தது.

அந்த ஆண்டு முடிவதற்குள் அடகுத் தங்கம் மீட்கப்பட்டது. 1992 மார்ச் இறுதியில் அந்நியச் செலாவணி 500 கோடி டாலரைத் தாண்டியது. 1993 மார்ச்சிலிருந்து ரூபாயின் விலையைச் சந்தையே நிர்ணயிக்கிறது. செலாவணி நஷ்டத்தை அரசு சுமக்கும் பழைய டெபாசிட் திட்டம் 1994இல் முடிவுக்கு வந்தது; இன்றைய எஃப்.சி.என்.ஆர். (பி) டெபாசிட்டில் அந்தப் பொறுப்பு வங்கியுடையது. எனக்கு இவற்றிலெல்லாம் முக்கியமாகப் படுவது, 1997 ஏப்ரல் முதல் 'அட்ஹாக்' உண்டியல்கள் நிறுத்தப்பட்டதுதான். அச்சடிக்கும் சாவியை அரசு தன் கையிலிருந்து விட்டுக்கொடுத்தது. ரொக்கமாகவும் பத்திரமாகவும் வங்கிகள் முடக்க வேண்டிய பங்கும் இப்போது அன்றைய அளவில் பாதிக்கும் குறைவு.

பிறகு வந்த சோதனைகள்

1998இல் பொக்ரான் அணு சோதனைக்குப் பிறகு பொருளாதாரத் தடைகள் வந்தன. அப்போது வெளிநாடுவாழ் இந்தியர்களிடம் 'ரிசர்ஜென்ட் இந்தியா' பத்திரங்கள் மூலம் 420 கோடி டாலர் திரட்டப்பட்டது. 2013இல் அமெரிக்கா பணப்புழக்கத்தைச் சுருக்கப்போவதாகச் சொன்னதும், ஆகஸ்ட் 28ஆம் தேதி டாலர் 68 ரூபாய்க்கு மேல் போனது. செப்டம்பரில் கவர்னரான ரகுராம் ராஜன் ஒரு சலுகைத் திட்டம் அறிவித்தார், எஃப்.சி.என்.ஆர். டெபாசிட்டாகவே சுமார் 2,600 கோடி டாலர் வந்தது. 1991இல் ஓடிய அதே வகைப் பணம், இரண்டு முறை உதவிக்கு வந்தது. தேசபக்தி இல்லாமல் இல்லை. நல்ல வட்டியும், திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் சேர்ந்து இருந்தன.

2009இல் சர்வதேச நிதியத்திடமிருந்து 200 டன் தங்கத்தை 670 கோடி டாலருக்கு வாங்கினோம். 2024 செப்டம்பரில் நம் கையிருப்பு 70,000 கோடி டாலரைத் தாண்டியது. இரண்டு வாரத்துக்குப் பணமில்லாத தேசம் வந்து சேர்ந்த இடம் இது.

அப்படியானால் 2025 டிசம்பரில் டாலர் ஏன் 90 ரூபாயைத் தாண்டியது என்று கேட்பீர்கள். 1991இல் 26, 2025 டிசம்பரில் 90 என்றால், ஆண்டுக்குச் சராசரியாக மூன்றரை சதவீதச் சரிவு. இந்த முப்பத்துச் சொச்ச வருஷங்களில் நம் விலைவாசி அமெரிக்க விலைவாசியைவிட வேகமாக ஏறியிருக்கிறது. அந்த வேக வித்தியாசம்தான் பெரும்பாலும் ரூபாயின் சரிவாக வெளிப்படுகிறது. மெதுவாக இறங்கும் ரூபாயைப் பற்றி அதிகம் பதற வேண்டாம். செயற்கையாகத் தாங்கிப் பிடித்து ஒரே நாளில் கீழே விழும் ரூபாய்தான் ஆபத்து. 1966உம் 1991உம் அதற்குச் சாட்சி.

நம் அகத்துக் கணக்கு

கடைசியாக நமக்கு உபயோகமான மூன்று விஷயங்கள்.

ஒன்று: பையன் அனுப்பும் ஆயிரம் டாலர் இன்று அதிக ரூபாயாகிறது என்று சந்தோஷப்படும் அதே வேளையில், பக்கத்து அகத்தில் பேத்தியின் வெளிநாட்டுப் படிப்புக்குப் பணம் கட்டுகிறவருக்கு அது சுமையாகிறது. சமையல் எண்ணெய், பெட்ரோல் வழியாக இருவருக்கும் சுமையாகிறது. குழந்தைகள் இங்கே பணம் வைக்கும்போது வித்தியாசம் தெரிந்து வைக்கட்டும்: என்.ஆர்.இ. கணக்கு ரூபாயில் இருக்கும், மதிப்பு குறைந்தால் நஷ்டம் அவர்களுடையது. எஃப்.சி.என்.ஆர். அந்நிய நாணயத்திலேயே இருக்கும்.

இரண்டு: வங்கி டெபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. 1993 முதல் ஒரு லட்சமாக இருந்தது 2020 பிப்ரவரியில் 5 லட்சம் ஆயிற்று. ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்துத்தான் 5 லட்சம். அதே வங்கியில் நாலு கிளைகளில் போட்டாலும் ஒன்றாகவே கணக்கு. அரை சதவீத வட்டிக்காகச் சேமிப்பு முழுவதையும் ஒரே இடத்தில் வைக்கும் முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

மூன்று: தங்கம். 2012-13இல் நம் வெளிநாட்டுக் கணக்குப் பற்றாக்குறை தேசிய உற்பத்தியில் 4.8 சதவீதமாக, அதுவரை இல்லாத அளவுக்குப் போனதில், தங்க இறக்குமதிக்குப் பெரும் பங்கு உண்டு. பெண்ணுக்குத் திருமாங்கல்யமும் நாலு வளையலும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. முதலீடு என்று நினைத்து பிஸ்கட்டாக வாங்கி லாக்கரில் பூட்டும்போது மட்டும், அதற்கும் டாலர்தான் போகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்தால் போதும்.

தேசத்தின் கஜானாவும் நம் அகத்துப் பெட்டியும் ஒரே நியாயத்துக்குக் கட்டுப்பட்டவை. வரவுக்குள் செலவு, வாங்கிய கடனைத் தவணையில் திருப்பும் நாணயம், கஷ்ட காலத்துக்கென்று ஒரு கையிருப்பு. நம் தாத்தா பாட்டிகள் இதற்குப் பொருளாதாரம் என்று பெயர் வைக்கவில்லை, சிக்கனம் என்றார்கள்.

 கேள்விகள் இருந்தால் காபிக்குப் பிறகு பேசலாம்.