சாட்சியை நிறுக்கும் முறை

எங்கள் ஊர் பாகாலா. காட்பாடி, திருப்பதி, தர்மாவரம் ஆகிய மூன்று திசைகளிலிருந்தும் இருப்புப் பாதைகள் கூடும் சந்திப்பு அது. அங்கே வண்டி நிற்கும் சில நிமிஷங்களில் ஒரு பூசல் மூண்டால், தேநீர்க் கடைக்காரர் ஒருவிதமாகவும் போர்ட்டர் வேறுவிதமாகவும் அதை வருணிப்பர். இருவரும் பொய்யர் அல்லர். நின்ற இடம் வேறு. ஆனால் ஒரு மனிதனின் வாழ்வே அத்தகைய சொற்களைப் பொறுத்திருக்குமானால் நாம் என் செய்வது?

லட்சுமிகாந்தன் கொலை வழக்கை எடுத்துக்கொள்வோம். 'இந்து நேசன்' பத்திரிகையை நடத்திய அவர், 1944 நவம்பர் 8ஆம் நாள் சென்னை வேப்பேரியில் குத்துண்டு, மறுநாள் மருத்துவமனையில் மாண்டார். திரையுலகினரின் அந்தரங்கங்களை அப்பத்திரிகை தூற்றி வந்தமையால் அவருக்குப் பகைவர் பலர். சதி செய்ததாகத் தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதாயினர். பகை இருந்தது என்பது ஐயத்திற்குக் காரணமாகலாம், குற்றத்திற்குச் சான்றாகாது.

அரசுத் தரப்புக்கு அப்ரூவரின் சாட்சியம் ஒரு முக்கியத் தூணாக இருந்தது. தானும் உடந்தை என்று கூறி மன்னிப்புப் பெறுபவனே அப்ரூவர். அவன் சொல்லைத் தள்ளவேண்டுவதில்லை. எனினும் முக்கியமான விவரங்களில் வேறு சான்று வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் காட்டிய எச்சரிக்கை. இத்தனை சாட்சிகள் வேண்டும் என்று அச்சட்டம் கணக்குச் சொல்லவில்லை. சாட்சிகளை எண்ணலாகாது, நிறுக்க வேண்டும்.

ஒரே சாட்சியங்களைக் கேட்ட ஒன்பது ஜூரர்களில் அறுவர் குற்றமென்றனர், மூவர் உடன்படவில்லை. 1945 மே மாதம் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடும் தோற்றது. பின்னர் லண்டன் பிரிவி கவுன்சில் வழக்கைத் திருப்பி அனுப்ப, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையாயினர்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நமக்கு ஒன்று தெரியும். "அவரைப் போல் இருந்தது" என்பது, மொழி மாறுகையில் "அவரே" என்று எளிதில் ஆகிவிடும். ஆதலின் மூன்று கேள்விகள் கேட்போம்: சாட்சி எங்கிருந்து கண்டார்? அதை முதன்முதலில் எப்போது சொன்னார்? சொன்னதால் அவருக்கு என்ன கிட்டியது? சிறு முரண்பாடு இயல்பே. அட்சரம் பிசகாத ஒற்றுமைதான் அஞ்சத்தக்கது.

பாகவதர் இரண்டாண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்தார். மீண்டபின் பழைய புகழ் திரும்பவில்லை. கொலையாளி யார் என்பதும் துலங்கவில்லை. விடை கிடைக்காத வழக்கு நமக்கு வருத்தம் தருவதே. ஆயினும் தவறான விடையைக் காட்டிலும் அது மேலானது.